இரண்டு அதிபர்கள் பிறந்த இரண்டு சின்ன வீடுகள்: குவின்சி ஆடம்ஸ் வீடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டன் பக்கம் வருகிற உறவுக்காரர்களையும் நண்பர்களையும் குவின்சிக்குக் கூட்டிப்போவது எனக்குப் பல வருஷப் பழக்கம். ஊரிலிருந்து வருபவர்கள் நயாகராவும் நியூயார்க்கும் கேட்பார்கள். நான் நடுவில் ஒரு நாளை இந்த இரண்டு மரவீடுகளுக்கு ஒதுக்கச் சொல்வேன். போய் வந்த பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளும், போவதற்கு முன்னால் சந்தேகமாகக் கேட்ட கேள்விகளும்தான் இங்கே இருக்கின்றன.

எந்த வீடுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குத் தெற்கே சுமார் 10 மைலில் குவின்சி என்ற ஊர். அங்கே ஃபிராங்க்ளின் தெருவில் இரண்டு பழைய மரவீடுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் ஜான் ஆடம்ஸ் 1735ல் பிறந்தார். அமெரிக்காவின் இரண்டாவது அதிபர். அடுத்த வீட்டில் அவருடைய மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1767ல் பிறந்தார், ஆறாவது அதிபர். இரண்டு வீட்டுக்கும் நடுவே 75 அடி. ஒரு வீட்டு அடுப்படியில் நின்று கூப்பிட்டால் அடுத்த வீட்டில் கேட்கும்.

அமெரிக்க அதிபர்கள் பிறந்த வீடுகளில் இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையவை இவை.

'காலனி கால வீடு' என்றால் நம் ஊர் வெள்ளைக்காரத் துரை பங்களா மாதிரியா?

இல்லை. பலரும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். தூண் வைத்த பெரிய வராந்தா, உயரமான கூரை, பங்கா இழுக்க ஓர் ஆள் என்று மனதில் ஒரு படம் இருக்கும். இங்கே காலனி காலம் என்பது 1776க்கு முன்பு, இந்த நிலமெல்லாம் பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியில் இருந்த காலம். நம் ஊரில் ஆள வந்தவன் கட்டியதைக் காலனி கால வீடு என்கிறோம். இங்கே குடியேறி வந்த விவசாயி தன் குடும்பத்துக்குக் கட்டிக்கொண்ட வீடும் அதே பெயரில் வருகிறது. அந்த நிலம் அதற்கு முன்பு மாசசூசெட் என்ற பழங்குடி மக்களுடையது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மாநிலத்தின் பெயரே அவர்களுடையது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே வீடு வாங்கப் போனால் ஏஜென்ட் 'இது கலோனியல்' என்று காட்டுவார். அது போன வருஷம் கட்டிய வீடாகக்கூட இருக்கும். நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஜன்னல், மாடி என்ற அந்த அமைப்புக்கு வைத்த பெயர் அது.

வீடு எப்படி இருக்கும்?

சின்னது. முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

முன்பக்கம் பார்த்தால் இரண்டு மாடி. பின்னால் போனால் கூரை சரிந்து சரிந்து ஒரு மாடி உயரத்துக்கு இறங்கிவிடும். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்குவோமே, அதேதான். இந்த வடிவத்துக்கு 'சால்ட்பாக்ஸ்', அதாவது உப்புப்பெட்டி வீடு என்று பெயர். அந்தக் காலத்தில் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த உப்புப்பெட்டியின் மூடி இப்படித்தான் சரிவாக இருக்கும். வெளிச்சுவரில் நீளப் பலகைகளை ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறும்படி வரிசையாக அடித்திருக்கிறார்கள், மழையும் பனியும் உள்ளே போகாமல் வழிந்துவிட.

வாசலைத் திறந்ததும் நடையும் இல்லை, கூடமும் இல்லை. இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் இடம். எதிரே வளைந்து ஏறும் செங்குத்தான மாடிப்படி. அந்தப் படிக்குப் பின்னால்தான் வீட்டின் உயிர் இருக்கிறது: நட்டநடுவில் செங்கல்லில் எழும்பிய ஒரு பெரிய புகைபோக்கி. கீழே இடது பக்கம் ஓர் அறை, வலது பக்கம் ஓர் அறை, மேலே அதே மாதிரி இரண்டு, பின்னால் சாய்ப்பில் சமையல். அறைகளின் கணப்புகள் எல்லாம் அந்த ஒரே புகைபோக்கியில் போய்ச் சேரும். நம் பழைய வீடுகளில் முற்றத்தைச் சுற்றி அறைகள் இருப்பதுபோல, இங்கே நெருப்பைச் சுற்றி அறைகள். நமக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டியிருந்தது. இவர்களுக்கு ஜனவரி மாதத்தைத் தாண்ட வேண்டியிருந்தது.

உத்தரங்கள் தலைக்கு மிக அருகில் ஓடும். உயரமான ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். என் அம்மா வந்தபோது சமையலறையில் கணப்புக்குள் தொங்கும் கொக்கியையும் இரும்புச் சட்டியையும் வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதுல நின்னு சமைச்சா முன்பக்கம் வெந்துடும், முதுகு உறைஞ்சுடும்" என்றார். அந்தச் சமையலறையைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதிபரின் அப்பா செருப்புத் தைத்தவரா?

ஆமாம். அவர் பெயரும் ஜான் ஆடம்ஸ்தான். திருச்சபையில் டீக்கன் பொறுப்பில் இருந்ததால் டீக்கன் ஜான் என்பார்கள். கோடையில் உழவு, குளிர்காலத்தில் காலணி தைக்கும் வேலை. ஊர்ப்படையில் அதிகாரி, ஊர் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். 1720ல் இந்த இடத்தை வாங்கினார். 1744ல் பக்கத்து வீட்டையும் வாங்கினார். அந்த இரண்டாவது வீட்டில்தான் பின்னாளில் பேரன் பிறந்தான்.

மகனைப் படிக்கவைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பையனுக்கோ பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. பத்து வயதிருக்கும்போது, விவசாயியாக ஆகப்போகிறேன் என்று சொல்லிவிட்டான். சரி வா என்று அப்பா மறுநாள் காலையிலேயே கழிமுகச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போய், நாள் முழுக்கச் சேற்றில் நிற்கவைத்துக் கூரைக்குப் புல் அறுக்கவிட்டார். இரவு வீட்டுக்கு வந்ததும், "இப்போது என்ன சொல்கிறாய், விவசாயம் திருப்திதானா?" என்று கேட்டார். வேலை கடினம்தான், சேறும் அதிகம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது என்று பையன் சொன்னான். "எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் போ" என்றார் அப்பா. முதுமையில் ஜான் ஆடம்ஸே சொன்ன கதை இது. பிறகு வாத்தியாரை மாற்றிய பின்புதான் படிப்பு ஏறியது. 1755ல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார்.

பிறந்த நாள் அக்டோபர் 19 என்று ஓர் இடத்தில், 30 என்று ஓர் இடத்தில் இருக்கிறதே?

இரண்டும் சரி. அவர் பிறந்தபோது பிரிட்டனும் அதன் காலனிகளும் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன, அதன்படி 19. 1752ல் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது 11 நாட்களைத் தாண்டினார்கள், அதன்படி 30.

இது உண்மையிலேயே அவர் பிறந்த அதே வீடுதானா, அதே மாதிரி பின்னால் கட்டியதா?

கேட்க வேண்டிய கேள்வி. தலைவர்கள் பிறந்த வீடு என்று எந்த நாட்டில் எதைக் காட்டினாலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. குவின்சியில் பதில்: அதே வீடுதான், அதே இடத்தில்தான். பழுது பார்த்திருக்கிறார்கள், சில மரங்களையும் பலகைகளையும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வீட்டைத் தாங்கும் சட்டம் பழையது. மேஜை நாற்காலிகள் மட்டும் பெரும்பாலும் பழைய மாதிரியில் பின்னாளில் செய்தவை. அதனால் உள்ளே போனால் நாற்காலியைவிட உத்தரத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

இது எவ்வளவு அரிது என்பதற்கு ஜார்ஜ் வாஷிங்டன் கதை போதும். அவர் 1732ல் வர்ஜீனியாவில் போப்ஸ் க்ரீக் என்ற ஓடையோரம் பிறந்தார். அந்த வீடு 1779ல் எரிந்துபோனது. 1920களில் ஒரு மகளிர் குழு அவர் நினைவாக வீடு கட்டப் பணம் திரட்டியது. பழைய வீட்டின் படமோ அளவோ யாரிடமும் இல்லை. அந்தக் காலத்து வர்ஜீனியப் பண்ணை வீடு எப்படி இருந்திருக்கும் என்ற ஊகத்தில் 1931ல் அழகான செங்கல் வீடு ஒன்றைக் கட்டி முடித்தார்கள். 1936ல் தொல்லியலாளர்கள் பக்கத்தில் தோண்டியபோது வேறொரு பெரிய அடித்தளம் கிடைத்தது. அதுவே பிறந்த வீடு என்று கொண்டு, அந்தச் சுவர்க் கோடுகளைத் தரையில் சிப்பி ஓடுகளால் வரைந்து வைத்தார்கள். இன்று அங்கே போகிறவர் நினைவு வீட்டையும் பார்க்கலாம், சிப்பிக் கோட்டையும் பார்க்கலாம்.

ஜெஃபர்சன் பிறந்த ஷாட்வெல் வீடு 1770ல் எரிந்தது. மேடிசனும் மன்றோவும் பிறந்த வீடுகளும் இன்று இல்லை. ஆக முதல் ஆறு அதிபர்களில் அப்பா, மகன் இருவர் பிறந்த வீடுகள் மட்டும் மிஞ்சின.

பெரிய மாளிகையில் பிறந்த அதிபர் யாரும் இல்லையா?

இருக்கிறார். ஒன்பதாவது அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1773ல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் பெர்க்லி என்ற எஸ்டேட்டில் பிறந்தார். 1726ல் கட்டிய செங்கல் மாளிகை, இன்றும் நிற்கிறது. அடிமைகள் உழைப்பில் எழுந்த சொத்து. 1840 தேர்தலில் அவருடைய கட்சி அவரை மரக்குடிசையில் வாழும் ஏழை பங்காளனாகக் காட்டியே ஓட்டுக் கேட்டு ஜெயித்தது. பிறந்த வீட்டை நேரில் பார்ப்பதில் இப்படி ஒரு பயனும் இருக்கிறது.

சின்ன மரவீடு 300 ஆண்டு எப்படித் தப்பியது?

குடும்பம் விற்கவும் இல்லை, இடித்துப் பெரிதாகக் கட்டவும் இல்லை. ஜானும் மனைவி அபிகேலும் 1788ல் வேறு பெரிய வீட்டுக்குப் போய்விட்டார்கள். 1803ல் ஜான் ஆடம்ஸின் சேமிப்பு இருந்த லண்டன் வங்கி திவாலானது. அப்போது மகன் ஜான் குவின்சி, அப்பா அம்மாவைக் காப்பாற்ற இந்த வீடுகளையும் நிலத்தையும் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பெரும்பாலும் வாடகைக்கு விட்டார்கள். வாடகை வீட்டுக்கு யார் புது மாடி எழுப்பப் போகிறார்கள்? அந்த அலட்சியமே வீட்டைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

எதிர்மாறாக, சுதந்திரப் பிரகடனத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்ட ஜான் ஹேன்காக்கைப் பாருங்கள். அவரும் இதே ஊரில் பிறந்தவர்தான். பிறந்த வீடு எரிந்துபோனது. பாஸ்டனில் அவர் வாழ்ந்த அழகான கல் மாளிகையை 1863ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தின் மதிப்பு அவ்வளவு ஏறியிருந்தது. அந்த இடிப்பைப் பார்த்த வருத்தத்தில்தான் பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் பாஸ்டனில் வலுத்தது.

குவின்சி வீடுகளை 1890களின் பிற்பகுதியில் உள்ளூர் வரலாற்றுச் சங்கமும் ஒரு மகளிர் அமைப்பும் பழுதுபார்த்துத் திறந்துவைத்தன. 1940ல் குடும்பம் நகரத்திடம் கொடுத்தது. 1970களின் கடைசியில் தேசியப் பூங்காத் துறையிடம் வந்தன.

மகன் பிறந்த வீட்டில் ஓர் 'ஆபீஸ் அறை' காட்டுகிறார்களே, அதில் என்ன விசேஷம்?

1761ல் டீக்கன் ஜான் இறந்தபோது இந்த வீடு ஜான் ஆடம்ஸுக்குப் பங்காக வந்தது. வக்கீல் தொழில் பண்ண முன்னறை ஒன்றை ஆபீஸாக்கினார். கட்சிக்காரர்கள் வீட்டுக்குள் நுழையாமல் தெருவிலிருந்து நேராக வர, தனியாக ஒரு கதவும் வைத்தார். நம் ஊர் வக்கீல்கள் திண்ணையை ஒட்டிய அறையில் உட்காருவது மாதிரி.

1779 ஆகஸ்டில் அவர் பிரான்ஸிலிருந்து திரும்பி வந்தார். நவம்பரில் மறுபடியும் கப்பல் ஏறிவிட்டார். இடையில் கிடைத்த அந்த மூன்று மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு அரசியல் சாசன வரைவை எழுதினார். எழுதும் பொறுப்பு பெயரளவில் ஒரு குழுவுடையது. அந்தக் குழு மூன்று பேரிடம் விட்டது. மூன்று பேரும் இவரிடம் விட்டார்கள். 1780ல் அது நடைமுறைக்கு வந்தது. உலகத்தில் இன்றும் செயல்பாட்டில் இருக்கும் எழுதப்பட்ட அரசியல் சாசனங்களில் மிகப் பழையது அதுதான். அமெரிக்க அரசியல் சாசனத்துக்கே அதற்குப் பிறகுதான் வரைவு எழுதினார்கள்.

அதன் முதல் பிரிவு மனிதர்கள் எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று தொடங்குகிறது. குவாக் வாக்கர் என்ற கறுப்பினத்தவரின் விடுதலை தொடர்பான வழக்கில் நீதிமன்றம் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, இதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் அடிமை முறைக்கு இடமில்லை என்று 1783ல் சொன்னது. 1790ல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் ஓர் அடிமைகூடப் பதிவாகவில்லை. அந்த வரியின் வரைவு எழுதிய அறையின் நீள அகலம் நம் ஊர் வீட்டுப் படுக்கையறை அளவுதான் இருக்கும்.

வழிகாட்டிகள் எல்லோரும் அபிகேலைப் பற்றியே அதிகம் பேசுகிறார்களே, ஏன்?

பேசத்தான் வேண்டும். 1774லிருந்து 1784 வரை ஜான் ஆடம்ஸ் பெரும்பாலும் வீட்டில் இல்லை. ஃபிலடெல்ஃபியா, பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று இருந்தார். அந்தப் பத்து வருஷம் இந்த வீட்டை, நாலு குழந்தைகளை, பண்ணையை, கடன் கணக்கை நடத்தியது அபிகேல். பள்ளிக்கூடமே போகாதவர், வீட்டில் படித்தவர். கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1,100க்கு மேல் கிடைத்திருக்கின்றன. இந்த வீட்டுக்குள் அன்றாடம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிவது அவற்றால்தான்.

ஒரு கடிதத்தில் குண்டூசி கேட்கிறார். 1775 ஜூனில், பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போர் மூண்டு பாஸ்டன் துறைமுகம் அடைபட்ட நேரம். ஒரு கட்டுக் குண்டூசி வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டு வாருங்கள், ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது இருபது ஷில்லிங் ஆகிவிட்டது, அதற்கும் கிடைப்பதில்லை என்கிறார். துணி தைக்கக் குண்டூசி இல்லாமல் ஒரு வீடு எப்படி ஓடும் என்பது அவர் கவலை. இதைப் படித்த பிறகு அந்த அறைக்குள் போனால் ஜன்னலோரம் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க முடிகிறது.

அதே மாதம் 17ஆம் தேதி, பங்கர் ஹில் போர். பீரங்கிச் சத்தம் கேட்டு அபிகேல் ஏழு வயது ஜான் குவின்சியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்துப் பென்ஸ் ஹில் என்ற மேட்டில் ஏறினார். தூரத்தில் சார்ல்ஸ்டவுன் ஊரே எரிவதை அம்மாவும் பையனும் பார்த்தார்கள். அன்று செத்தவர்களில் டாக்டர் ஜோசப் வாரனும் ஒருவர். முறிந்துபோன இந்தப் பையனின் விரலை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்த குடும்ப மருத்துவர் அவர். ஜான் குவின்சி அந்த நாளைச் சாகும்வரை மறக்கவில்லை. வீட்டுக் கரண்டிகளை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்ததையும் நினைவுகூர்ந்திருக்கிறார். நாம் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு மாதிரி, வெள்ளீயக் கலவையில் செய்த கரண்டிகள் அவை; நெருப்பில் காட்டினால் சீக்கிரம் இளகிவிடும்.

1776 மார்ச்சில் ஒரு கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கணம் பீரங்கி முழக்கத்தில் வீடு அதிர்கிறது என்று எழுதுகிறார். அதே மாதம் 31ஆம் தேதி எழுதியதுதான் உலகப் புகழ் பெற்ற கடிதம்: நீங்கள் புதுச் சட்டங்கள் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள், கணவர்கள் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஜான் தன் பதிலில் சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்று எழுதினார். பெரிய மனிதர்தான்; அந்த இடத்தில் அவர் தவறினார்.

ஆடம்ஸ் குடும்பத்தில் அடிமைகள் இருந்தார்களா?

ஜான் ஆடம்ஸ் எந்தக் காலத்திலும் அடிமைகளை வைத்துக்கொள்ளவில்லை. கூலி ஆட்கள் வைத்துத்தான் பண்ணை நடத்தினார். ஆனால் அபிகேலின் அப்பா, பாதிரியார் வில்லியம் ஸ்மித் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் ஃபீபி என்ற பெண் அபிகேலை வளர்த்தவர்களில் ஒருவர். 1783ல் பாதிரியார் இறந்தபோது உயிலின்படி விடுதலை பெற்றார். மறு வருஷம் அபிகேல் கணவரோடு சேர ஐரோப்பா போனபோது, வீட்டை ஃபீபியிடமும் அவருடைய கணவர் வில்லியம் ஆப்டியிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதிபர் பிறந்த வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். கதையில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் விடாமல் சொல்கிறேன்.

மகன் பெயரில்தான் ஊருக்குக் குவின்சி என்று வைத்தார்களா?

இல்லை. இரண்டும் ஒரே ஆள் பெயரிலிருந்து வந்தவை. அபிகேலின் தாத்தா கர்னல் ஜான் குவின்சி. கொள்ளுப்பேரன் பிறந்த 1767 ஜூலையில் அவர் சாகக் கிடந்தார். பாட்டியின் வேண்டுகோளுக்காகக் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்; பிறந்த இரண்டாம் நாள் பெரியவர் இறந்தார். ஊருக்கு அப்போது பிரெயின்ட்ரீ என்று பெயர். 1792ல் வடக்குப் பகுதி தனி ஊராகப் பிரிந்தபோது அதே பெரியவர் பெயரை வைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் கடைசி எழுத்தை ஆங்கில z ஒலியில் 'ஸீ' என்று அதிரச் சொல்வார்கள். வழி கேட்கும்போது நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

நம் ஊரோடு ஏதாவது தொடர்பு உண்டா?

வீட்டோடு நேரடியாக இல்லை. ஆனால் இவர்களைப் போராட்டத்துக்குத் தள்ளிய தேயிலை நமக்கு மிகவும் தெரிந்த கம்பெனியுடையது. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. தேயிலை சீனாவுடையது, கம்பெனி அதே கம்பெனி. அந்த நேரத்தில் சென்னைக் கோட்டையிலிருந்து அதுதான் ஆண்டுகொண்டிருந்தது. மறுநாள் ஜான் ஆடம்ஸ் தன் நாட்குறிப்பில் அந்தக் காரியத்தை வியந்து எழுதினார்.

எலிஹு யேல் என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1649ல் பாஸ்டனில் பிறந்து, 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். யேல் பல்கலைக்கழகத்தின் பெயர் அவரிடமிருந்து வந்தது. இந்தக் காலனியில் பிறந்தவர் அந்தக் காலனியை ஆளப் போனார்.

கடைசியில் அவர்கள் போய் வாழ்ந்த பெரிய வீடு எது?

'பீஸ்ஃபீல்ட்' என்று ஜான் ஆடம்ஸ் பெயர் வைத்த வீடு. அதுவும் இதே ஊரில்தான்; பிறந்த வீடுகளைப் போலவே தேசியப் பூங்காத் துறையின் அதே வரலாற்றுப் பூங்காவில் சேர்ந்தது. ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த லெனார்டு வாஸல் 1731ல் கட்டியது. 1787ல், லண்டனில் தூதராக இருந்தபோதே வாங்கினார்கள். லண்டனில் பெரிய வீட்டில் இருந்துவிட்டு வந்த அபிகேலுக்கு உள்ளே போனதும் குருவிக்கூடு மாதிரி பட்டது. பின்னால் பெரிதாக்கிக் கட்டினார். 1826 ஜூலை 4, சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டு நாளில், 90 வயதில் ஜான் ஆடம்ஸ் அங்கேதான் இறந்தார். ஜெஃபர்சனும் அதே நாளில் வர்ஜீனியாவில் இறந்தார். அப்போது நாட்டின் அதிபர் ஜான் குவின்சி. குடும்பத்தின் அசல் நாற்காலிகள், படங்கள், புத்தகங்கள் எல்லாம் இந்த வீட்டில்தான் இருக்கின்றன. பக்கத்தில் 1870ல் கட்டிய கல் நூலகத்தையும் விடாதீர்கள்.

எப்படிப் போவது, எப்போது போவது?

பாஸ்டனிலிருந்து ரெட் லைன் ரயிலில் குவின்சி சென்டர் நிலையம். அங்கிருந்து பிறந்த வீடுகளுக்கு நடந்தால் அரை மணி நேரத்துக்குள். நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் கல் தேவாலயத்தின் நிலவறையில் இரண்டு அதிபர்களும் மனைவியரோடு அடக்கமாகியிருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிடலாம். வீடுகளுக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். நேரமும் கட்டணமும் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் கிளம்பும் முன் பூங்காவின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. மாடிப்படி செங்குத்து, குறுகல். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ் அறைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்க்க வேண்டிய சமையலறையும் ஆபீஸ் அறையும் கீழேயே இருக்கின்றன.

நேரம் குறைவு. ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால்?

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற புல்தரையில் நில்லுங்கள். வாசலை ஒட்டி இன்று கார்கள் ஓடும் சாலை, அன்று பாஸ்டனுக்கும் பிளிமத்துக்கும் போன கடலோரப் பாதை. சுற்றிலும் வயலாக இருந்த இடமெல்லாம் இப்போது வீடுகள், கடைகள், டிராஃபிக் விளக்கு. பிறகு காரை எடுத்துக்கொண்டு பென்ஸ் ஹில் போங்கள். ஐந்து நிமிஷம் ஆகாது. அபிகேலும் பையனும் நின்று பார்த்த இடத்தில் 1896ல் கற்களை அடுக்கி ஒரு கூம்பு எழுப்பியிருக்கிறார்கள். என் அம்மா அங்கே வந்ததும் வடக்கே பாஸ்டன் இருக்கிற பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏழு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டியிருக்கா பாரு" என்றார். அப்புறம் குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காருக்கு வந்தார்.